மேசை விட்ட மூச்சு

பிப்ரவரி 10

கேஸ் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்து, பூட்டிய கதவைத் திறந்து மறுபடியும் போய்த் திருகிப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் கிளம்பினேன். கீழே வண்டியில் காத்திருந்த இவர் ஹாரன் அடித்து மானத்தை வாங்கினார். கல்யாணமான புதிதில் எனக்கு இவர் வைத்த பட்டப்பெயர் "சரிபார்ப்பு". ஆபீசிலும் எனக்கு அதே வேலை, அதே ஆபீசில் இவரும் இருக்கிறார் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

மத்தியானம் தங்கை போன் செய்தாள். ஏழாம் மாதம். மாப்பிள்ளை கப்பலில். படுத்தே கிடப்பதால் பொழுது போகவில்லையாம். ஆபீசில் நீ என்னதான் செய்கிறாய், ஒரு தடவையாவது புரிகிற மாதிரி சொல்லேன் என்றாள். சொன்னேன். நாங்கள் செய்வது ஆஸ்பத்திரி மானிட்டர். அதற்குள் இருக்கும் சில்லில், அதாவது சிப்பில், மூளை ஒன்று உண்டு. அதற்குத் துணையாக டி.எம்.ஏ. என்று ஒரு சுமைதூக்கியும் உண்டு. மூளையைத் தொந்தரவு செய்யாமல், சென்சார் அளக்கும் எண்களைத் தூக்கிக்கொண்டுபோய் நினைவகத்தில் போடுவது அதன் வேலை. அதன் பெயர் என்ன, எந்த முகவரியில் இருக்கிறது, அதற்கு எத்தனை கை என்று ஒரு விவரக் கோப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் நேரில் போய்ப் பார்க்காது, எழுதியதை அப்படியே நம்பிவிடும். அதனால் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஸ்கீமா என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. விதிக்குப் பொருந்தாத வரியைக் கண்டால் சரிபார்க்கும் நிரல் சிவப்பு எழுத்தில் கத்தும். அந்த விதிகளை எழுதுவது நான்.

"ஆக, கூலியாளுக்கு அடையாள அட்டை அடிச்சுக் குடுக்கிறே," என்றாள். இத்தனை வருஷத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

பிப்ரவரி 12

பிறந்துவிட்டது. பெண். இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக் கூடாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. என் முழங்கை நீளம்கூட இல்லை. மூச்சு விட மறந்துபோகிற வயது, அதனால் மானிட்டரிலேயே வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பெட்டிக்கு மேல் தட்டில் பார்த்தால் எங்கள் மானிட்டர். புத்தம் புதிது, திரைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "எங்க மிஷின்டி இது. அது பாத்துக்கும், நீ தூங்கு," என்று தங்கையிடம் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 16

சர்வீஸ்காரர் ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். குழந்தையிடமிருந்து சென்சாரை எடுத்து மேசையில் வைத்த பிறகும் திரையில் மூச்சு ஓடிக்கொண்டே இருந்ததாம். "உங்க மிஷின் புண்ணியத்துல மேசை மூச்சு விடுது மேடம்," என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அவர் போன பிறகு சென்சாரை விரலால் அழுத்தி அழுத்தி மூச்சு மாதிரி காட்டினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். திரும்பத் திரும்ப அதையே செய்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு தடவை மாட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். சென்சார் மேசைமேல் அநாதையாகக் கிடந்தது. கோடு ஏறி இறங்கியது. கொஞ்சம் முன்னால் நான் அழுத்திக் காட்டிய அதே மூச்சு. என் விரல் வழுக்கிய இடத்தில் வந்த சின்ன நடுக்கம்கூட, அதே இடத்தில், மறுபடி மறுபடி.



பிப்ரவரி 17

அந்தக் கோடு கண்ணிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 18

காரணம் தெரிந்துவிட்டது. பழைய சில்லு வருவது நின்றுபோனதால் போன மாதத்திலிருந்து புதிய சில்லு போடுகிறோம். பழையதில் இருந்த சுமைதூக்கிக்குப் பதினாறு கை. புதியதற்கு எட்டுத்தான். கேபிளை ஒவ்வொரு முறை மாட்டும்போதும் சிஸ்டம் அடுத்த கையைக் கூப்பிடுகிறது. எட்டைத் தாண்டினால் அங்கே கையே இல்லை. இல்லாத கையைக் கூப்பிட்டால் இந்தச் சில்லு பிழை என்று சொல்வதில்லை, பேசாமல் இருந்துவிடுகிறது. புதிய எண்கள் வருவதில்லை. நினைவகத்தில் கிடக்கிற கடைசி மூச்சையே திரை சுற்றிச் சுற்றி வரைகிறது. அலாரமும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறது. எங்கள் சோதனை அறையில் கேபிளை மாட்டினால் மாட்டியதுதான். வார்டில் ஒவ்வொரு துணி மாற்றும்போதும் கழற்றுகிறார்கள்.

பதினாறு கை என்று சிஸ்டத்துக்கு யார் சொன்னது? கோப்பில் நடந்த மாற்றங்களைப் பின்னோக்கிப் பார்த்தேன். முதலில் புதிய சில்லின் பெயரைத்தான் எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் என் ஸ்கீமாவில் இல்லை, சேர்க்கச் சொல்லி என்னிடம் யாரும் வரவில்லை. சரிபார்ப்பு கத்தியிருக்கிறது. அடுத்த மாற்றத்தில் அதே வரியில் பழைய சில்லின் பெயர். கத்தல் நின்றுவிட்டது. "எச்சரிக்கை சரிசெய்யப்பட்டது" என்று பக்கத்தில் குறிப்பு. சிவப்பு எழுத்தோடு எதையும் அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். சிவப்பை அழிக்க ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

மாற்றியது இவர்.

பிளாஸ்டிக் தாள். உரிக்காத தாள். அப்படியென்றால் அது போன மாதத்து மிஷின் — பெட்டிக்கு மேல் இருப்பது — ஐயோ —

பிப்ரவரி 19

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

வண்டி நிறுத்துமிடத்தில் இவரைப் பிடித்தேன். முகம் வெளுத்துவிட்டது. ஒரே குடும்பத்துச் சில்லுதானே, பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்தாராம். மிஷின்கள் கிளம்ப வேண்டிய அவசரமாம். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு வாரம் இழுத்திருப்பேனாம். இழுத்திருப்பேன், உண்மைதான். இன்னொரு தடவை சோதித்து உறுதியானதும் நாளைக்கு மேனேஜரிடம் சொல்லலாம் என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"நாளைக்கா? அங்க பெட்டிக்குள்ள படுத்திருக்கிறது யாருன்னு தெரியுதா உனக்கு?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக "உனக்கு" என்று வந்துவிட்டது. நான் கிடைத்த வண்டியில் ஏறிவிட்டேன்.

வார்டில் தங்கை பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கோடு ஏறியது, இறங்கியது. அதில் ஏதாவது நடுக்கம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. குழந்தையின் மார்பைப் பார்த்தேன், துணி மூடியிருந்தது. இப்போது மூச்சு இருக்கிறதா? திரையில் இருக்கிறது. இவளிடம் இருக்கிறதா? இவ்வளவு பயத்திலும், சொன்னால் இவர் வேலை போய்விடுமே, தங்கை முழித்துக்கொள்வாளே என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டது. சீ.

தலைமை நர்ஸிடம் போனேன். "இந்த மானிட்டரை நம்பாதீங்க சிஸ்டர். அது காட்டுறது பழைய மூச்சா இருக்கலாம்."

நீங்கள் யார் என்றார். இதைச் செய்கிற கம்பெனி என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. முதலில் துணியை விலக்கி மார்பைப் பார்த்தார், அசைந்தது. பிறகு மூலையிலிருந்து பெயின்ட் உரிந்த ஒரு பழைய மானிட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, எங்களுடையதைக் கழற்றாமலே, அதன் சென்சாரையும் ஒட்டினார். இரண்டு திரையையும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. எனக்குப் பைத்தியமோ என்றுகூடத் தோன்றியது.

பழைய மானிட்டர் அலறியது. அதன் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பக்கத்தில் எங்கள் திரை பச்சைக் கோட்டை அழகாக வரைந்துகொண்டிருந்தது. நர்ஸ் பெட்டியின் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து குழந்தையின் பாதத்தில் விரலால் சுண்டினார். ஒன்றும் இல்லை. மறுபடியும் சுண்டினார். கால் சுருங்கியது. கோடு எழுந்தது.

"இது முதல் தடவையா இருக்காது," என்றார் நர்ஸ், தாழ்ந்த குரலில். சொல்லிவிட்டு ஒவ்வொரு பெட்டியாகத் துணியை விலக்கிப் பார்க்கப் போனார்.

தங்கை எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை. "உன் மிஷின்தானேக்கா?" என்றாள். தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 20

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்திலேயே இவர் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாளைக்கு என்று தள்ளவில்லை. எடுத்ததற்கெல்லாம் குதிப்பதால் எங்கள் மேனேஜருக்கு "அவசரம்" என்று பெயர். ஜென்மத்தில் முதல் தடவையாக அந்த அவசரம் பயன்பட்டது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அவரே போன் போட்டு, மிஷினை நிறுத்துங்கள், குழந்தையைக் கண்ணால் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். தொண்டை கட்டிப்போய்விட்டது அவருக்கு.

விசாரணை முடியும்வரை இவர் ஆபீசுக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பிப்ரவரி 22

குழந்தையின் தலையை ஸ்கேன் எடுக்கப்போகிறார்கள். எத்தனை முறை நின்றதோ, எவ்வளவு நேரம் நின்றதோ, யாருக்கும் தெரியாது. பயமாக இருக்கிறது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

பிப்ரவரி 25

வீட்டிலேயே உட்கார்ந்து ஸ்கீமாவில் புதிய சில்லின் பெயரைச் சேர்த்தேன். கைகள் எட்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி போட்டேன். வேண்டுமென்றே பதினாறு என்று எழுதி ஓடவிட்டேன். சிவப்பில் கத்தியது. கேட்கக் கேட்க ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதலைக் கெடுத்தவர் இவர். கொஞ்ச நேரம் என் பின்னால் நின்று பார்த்தவர், "பழைய பேரைப் போட்டு ஓட்டிப் பாரு," என்றார். போட்டேன். சத்தமில்லாமல் போய்விட்டது. ஆமாம், எழுதிய விதம் சரியா என்றுதான் ஸ்கீமாவுக்குத் தெரியும். எழுதியது உண்மையா என்று அதற்கு எப்படித் தெரியும்? "மிஷினை ஆன் பண்ணும்போதே சில்லுக்கிட்ட நீ யாருன்னு கேக்கணும். கோப்புல உள்ள பேரோட ஒத்துப்போகலைன்னா மிஷினே ஓடக் கூடாது," என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த வீட்டில் இந்த வாரம் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

மார்ச் 2

ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. வளர வளரப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போகிறவர்கள் துக்கம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

மார்ச் 8

மிஷின் கெட்டது என்பது வரைதான் தங்கைக்குத் தெரியும். அதோடு இருக்கட்டும் என்று கெஞ்சினேன். இவர் கேட்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டார், அந்த வரியை மாற்றியது தான்தான் என்று. தங்கை கத்தவில்லையாம். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன மாமா? ஒரே வீட்லதானே இருக்கீங்க," என்று மட்டும் கேட்டாளாம்.

வந்ததிலிருந்து இவர் பால்கனியிலேயே நிற்கிறார். நான் போய் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னத்துக்குப் பயப்படுகிறேன் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 19

தங்கை இவர் போனை எடுப்பதில்லை. என் போனை எடுக்கிறாள். குழந்தை எடை ஏறியிருக்கிறதாம்.

ஏப்ரல் 7

குழந்தை வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாகிறது. இன்று போனேன். இவர்தான் வண்டி ஓட்டி வந்தார். மேலே வரவில்லை, வண்டியை விட்டு இறங்கி வாசல் கேட்டருகே நின்றுகொண்டார்.

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தங்கை துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். "நானும் நாள் முழுக்க அதைத்தான் பண்றேன்," என்றாள் தங்கை, திரும்பாமலே.

கீழே எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா வெயில்ல நிக்கிறாரு?"

"வந்ததுலேருந்து."

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"மேல வரச் சொல்லு. பிள்ளையைத் தூக்கணும்னு மட்டும் கேக்க வேணாம், இன்னிக்கு."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.