கீழ்த்தட்டுப் பதினான்கு டேப்புகள்

மார்ச் 3, செவ்வாய்

தொலைக்காட்சி நிலையத்துக்கு ஐம்பது வயதாம். பழைய நாடகங்களைத் தூசி தட்டிப் போடப் போகிறார்களாம். காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "அந்தச் செவ்வாய்க்கிழமை நாடகம் போடுவீங்களா?"

வீட்டுக்கு வந்தால் இவரும் அதே நாடகத்தின் முகப்பு இசையை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறார். "டேப் ரூமே உன் கையிலதானே இருக்கு, ஒரு காப்பி போட்டுக் கொண்டு வாயேன்." தலைவலி என்று படுத்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அந்த நாடகம் இல்லை. நான்தான் அழித்தேன். முப்பத்தாறு வருடமாக யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

ஏதோ விளையாட்டுப் போட்டியைப் பதிவு செய்ய டேப் பற்றவில்லை. "பதினாலு டேப் அழிச்சுக் குடும்மா, எதுன்னு நீயே பாத்துக்கோ" என்றார் அதிகாரி. மேல்தட்டு நிறையப் பழைய பேட்டிகள், நாய்கூடச் சீண்டாது. ஆனால் ஏணியில் ஏற வேண்டும். எனக்கு அப்போது ஏழு மாதம். கீழ்த்தட்டில் கைக்கு எட்டியதை எடுத்தேன். பதினான்கு வார நாடகம், சரியாகப் பதினான்கு டேப். அவ்வளவுதான் காரணம்.

மார்ச் 6, வெள்ளி

அதில் மருமகளாக நடித்த அம்மாள் போன் செய்தார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம். "ஒன்பதாவது வாரம் மட்டும் போதும்மா. ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். எதைத் தேடுவேன்? வாய் கூசவில்லையா எனக்கு?

மார்ச் 10, செவ்வாய்

சொல்லிவிடுவது என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். அந்த வாரம் உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டேன்.

"என் மூஞ்சியை யாரு பாக்கணும்? தொட்டில்ல ஒரு குழந்தை வரும்ல, அது என் பையன். வேற குழந்தை கிடைக்கலைன்னு தூக்கிட்டுப் போனேன். அடுத்த மாசமே காய்ச்சல்ல போயிட்டான். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கலை. நாடகம் வந்தப்ப பாக்கத் தைரியம் வரலை."

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

சொன்னேன். கீழ்த்தட்டு, ஏணி, ஏழு மாதம், எல்லாம். அவர் அழவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என் பக்கம் திரும்பி, "நீ பாத்திருக்கியா?" என்றார்.

"ஒரு வாரங்கூட விடாம பாத்தேன்மா."

"சிரிச்சானா?"

எனக்குத் தொட்டில் ஞாபகமிருக்கிறது. குழந்தை ஞாபகமில்லை. சத்தியமாக இல்லை.

"சிரிச்சான்மா. உங்களைப் பாத்துதான்."

மார்ச் 11, புதன்

அன்று வயிற்றில் இருந்த என் மகள் போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

அந்த அம்மாள் போய்விட்டார். அவருடைய தங்கை சொன்னாள். "பையன் என்னைப் பாத்து சிரிச்சானாம்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சாயங்காலம் சமையலறையில் இவர் வாயில் மறுபடி அந்த இசை. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"அதுல தொட்டில்ல ஒரு குழந்தை வருமே, ஞாபகம் இருக்கா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"இல்லாம என்ன? வந்த நேரம் பூராவும் வீல்வீல்னு அழுதுக்கிட்டே இருக்குமே."

மிச்ச வெங்காயத்தை நான் நறுக்குகிறேன் என்று கத்தியை வாங்கிக்கொண்டேன்.