கடைசிப் பெயர் மட்டும்

இன்று காலை துவாரகாவிலிருந்து டெல்லி மெட்ரோவில் வரும்போது, சரிபார்க்கச் சொல்லி வந்திருந்த ஒரு கணினி ஸ்கிரிப்டைத் திறந்தேன். ‘பைப்’ வழியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்களை வாங்கும் ஃபங்ஷன். உள்ளே ‘பிராசஸ்’ பகுதி இல்லை. உன் நினைவு வந்துவிட்டது. நீ இறந்துபோய் ஐந்து மாதம் ஆகிறது.

வேலையை விட்டுப் போன நாற்பது பேரின் லாகினை மூடும் ஸ்கிரிப்ட் நான் எழுதியது. பட்டியலைக் கொடுத்து ஓட்டியவள் நீ. ‘முடிந்தது’ என்று திரையில் வந்தது. அடுத்த வாரமே, அந்த நாற்பதில் ஒருவரின் லாகினில் நுழைந்து யாரோ ஆபீஸ் கோப்புகளை எடுத்திருந்தார்கள். அவர் உன் பக்கத்து ஃபிளாட்காரர். எனக்கு அது போதுமாக இருந்தது.

“பட்டியல்லேர்ந்து அவர் பேரை எடுத்துட்டியா? சச் சச் சொல்லு, உண்மையைச் சொல்லு,” என்று கேட்டேன்.

“ஏட்டி, நானா?” என்றாய். உடனே உன் திரைக்குத் திரும்பிவிட்டாய். அதையும் உனக்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன். மேலாளரிடம் சொன்னேன். அன்றைக்கே உன் அனுமதிகளைப் பறித்து வேறு மாடிக்கு அனுப்பினார்கள்.

உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க, நீ கொடுத்த பட்டியலைத் தேடியெடுத்தேன். அவர் பெயர் இருந்தது. அதையே என் ஃபங்ஷனுக்குள் மறுபடி அனுப்பிச் சோதித்தேன். நாற்பது பெயரும் உள்ளே போயின; வேலை நடந்தது கடைசிப் பெயருக்கு மட்டும். பிராசஸ் பகுதி இருந்தால்தான் வருகிற ஒவ்வொரு பெயரையும் அது கவனிக்கும். எழுத மறந்தவள் நான். இன்னும் முப்பத்தெட்டு பேரின் லாகினும் திறந்தே கிடந்திருக்கிறது. உன் பக்கத்து ஃபிளாட்காரரைத் தவிர வேறு யார் லாகினையும் பார்க்க, சந்தேகம் என்னை விடவில்லை.

மேலாளரிடம் ஒப்புக்கொண்டுவிட்டு உன் மாடிக்கு வந்தேன். என் தவறை, நான் உன்னைக் கேட்ட அன்றைக்கே நீ கண்டுபிடித்து அவருக்கு மெயில் போட்டிருந்தாய். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நான் சொன்னா நீ நம்பிருப்பியாட்டி?”

பழைய இடத்துக்கே திரும்பி வந்தாய். மதியம் எலுமிச்சை சாத டப்பாவை என் பக்கம் நகர்த்தினாய். இதற்குள் என்ன இருக்கிறதோ என்றுதான் அப்போதும் தோன்றியது.

இப்போதெல்லாம் ஒருவரைக் குறை சொல்ல வாயெடுக்கும் முன், என் வேலையைத்தான் முதலில் துருவிப் பார்க்கிறேன். ஆனால் என்னை நீ மெய்யாகவே மன்னித்தாயா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உன் பதிலையும் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.