கையாட்டி நண்டுகள் இன்னும் அழைக்கின்றன, அக்கா

சத்தமே இல்லாமல் வீடு நிறையச் சிரித்த என் ரீத்தா அக்காவுக்கு,

நீ போய் ஓராண்டு ஆகிவிட்டது. கல்லறைக்குப் பூ கொண்டுவந்தேன். ஆனால் அங்கே உன்னோடு பேச எனக்கு வரவில்லை. சிலுவையில் உன் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கை எழவில்லை. அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும். அத்தானைப் பற்றி உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

உன்னைத் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் உன் காது போய்விட்டது. நம் வீட்டில் யாருக்கும் பள்ளியில் கற்றுத்தரும் சைகை மொழி தெரியாது. நாமே ஒன்றை உண்டாக்கிக்கொண்டோம். மீசையை முறுக்கினால் அப்பா, அப்பாவுக்கு மீசையே இல்லாவிட்டாலும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த மொழி தெரிந்தவர்கள் நீயும் நானும் அத்தானும் மட்டும்தான்.

அத்தான் அதைக் கற்றுக்கொண்ட கதை உனக்கு நினைவிருக்கும். செனாய் ஊர்த் தொழிற்சாலையில் நீ பொருள்களைச் சோதிக்கும் வரிசையில் உட்காருவாய். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் வந்து நின்றார்.

"உங்க அக்காகிட்ட பேசணும். எப்படிப் பேசுறதுன்னு நீங்கதான் சொல்லித் தரணும்."

சாப்பிட்டீங்களா என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் கையில் அது மாடு வருதா என்று ஆகிவிட்டது. நீ கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். அடுத்த வாரமும் வந்து அதே தப்பை அப்படியே செய்தார். அன்றைக்கு அவர் வேண்டுமென்றேதான் செய்தார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்குமோ?

அவரை நீ கெலாங் பாத்தா ஊருக்குப் பின்னால் இருக்கிற சேற்றுக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாய், துணைக்கு நானும். கடல் வற்றிய காலை நேரம். கண்டல் மரங்களுக்கு முன்னால் சேறு பளபளவென்று விரிந்து கிடந்தது. அதில் ஆயிரம் வளைகள், ஒவ்வொரு வளையின் வாசலிலும் கட்டைவிரல் அளவில் ஒரு நண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரியது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். நாம் வைத்த பெயர் கையாட்டி நண்டு.

ஒரு பெண் நண்டு நடந்து வரும். அவ்வளவுதான், அந்தத் தெருவே எழுந்து கையாட்டத் தொடங்கிவிடும். அவள் நிற்பாள், பார்ப்பாள், போய்விடுவாள். பிடித்திருந்தால் அவன் வளைக்குள் இறங்கிப் பார்ப்பாள். வீடு பிடிக்காவிட்டால் மறுபடி வெளியே வந்து அடுத்த வாசலுக்கு நடப்பாள். நீ அத்தானைப் பார்த்துக் கையால் சொன்னாய்: இவர்களும் என்னைப் போலத்தான், வாய் இல்லை, கைதான்.

பிறகு உள்ளங்கையைச் சேற்றில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாய். வளைக்குள்ளே இருந்து ஆண் நண்டு தரையைத் தட்டிப் பெண்ணைக் கூப்பிடுகிறது, அந்த அதிர்வு உன் கைக்குக் கேட்கிறது என்றாய். நானும் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சிதான் தெரிந்தது. உண்மையிலேயே உனக்குக் கேட்டதா அக்கா? இத்தனை வருஷம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

திருமணத்துக்குப் பிறகும் நீங்கள் இரண்டு பேரும் ஞாயிறு பூசை முடிந்து அங்கே போவதை விடவில்லை. கடைசிச் சில ஆண்டுகளில்தான் நீ ஒன்றைச் சொல்லத் தொடங்கினாய். முன்பெல்லாம் உச்சிவெயில் வரை கையாட்டியவை இப்போது காலையிலேயே வளைக்குள் இறங்கிவிடுகின்றன. சூடு தாங்காமல் உடம்பைக் குளிரவைக்கப் போகின்றன. போனவை வருவதற்குள் பெண் நண்டு கடந்து போய்விடுகிறது.

ஒரு நாள் தொலைக்காட்சியில் கீழே ஓடிய எழுத்தைக் காட்டி, பருவநிலை மாற்றம் என்றால் என்ன என்று கேட்டாய். நம் மொழியில் அதற்கு என்னிடம் சைகை இல்லை. நீயே ஒன்று செய்தாய். இடது கையைக் கரை மாதிரி நீட்டி, வலது கையைத் தண்ணீராக மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏற்றினாய். ஏற்றிய கையை இறக்கவேயில்லை.

பிறகு நோய் வந்தது, நீ போனாய். அடக்கம் முடிந்த மாலை, சாப்பிட வாருங்கள் என்று அத்தானைப் பழக்கத்தில் கையால் கூப்பிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் ஸ்டெல்லா. வாயாலேயே பேசு. உன் கையைப் பார்த்தா அவதான் தெரியுறா."

அதிலிருந்து நாங்கள் வாயால்தான் பேசினோம். சௌக்கியமா, மருந்து எடுத்தீங்களா, மழை வருது. ஒரு மொழி இரண்டு பேருக்கு நடுவில் கிடந்தது, எடுப்பாரில்லாமல்.

இனிதான் சேதி. சென்ற மாதம் பூசை முடிந்து எல்லோரும் கோயில் கேண்டீனில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தோம். தர்ஷினி என்று ஒரு பெண் வந்தாள், பல்கலைக்கழக மாணவி. பருவநிலை மாற்றத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது அவள் படிப்பில் ஒரு பகுதி.

லூர்து அங்கிள்தான் முதலில். உனக்குத் தெரியும், பாலோ ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், எதற்கும் குரல் உயரும். "வெயில் என்ன புதுசா லா? நாங்க பால்மரம் வெட்டப் போன காலத்துல அடிக்காத வெயிலா?"

இன்னொருவர், "அதெல்லாம் பனிக்கட்டி உருகுற நாட்டுல நடக்குறது. நமக்கென்ன?" என்றார்.

"வீட்டுக்கு வீடு குளுகுளுன்னு ஏர்கோன் இருக்கு. கடவுள் பார்த்துக்குவார்," என்றார் பாடகர் குழு அம்மா ஒருவர்.

தர்ஷினி யாரையும் மறுத்துப் பேசவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தானிடம் வந்தாள். "அங்கிள், உங்களுக்கு ஏதாச்சும் மாற்றம் தெரியுதா?"

அத்தான் வாயைத் திறந்தார். மேசைமேல் இருந்த அவர் கைகள்தான் மெல்ல எழுந்தன, அக்கா. ஒரு கை பெரிய கொடுக்காகி ஆடியது. மற்றது வெயிலானது. கொடுக்கு பாதியில் நின்று, வளைக்குள் இறங்கியது. கடைசியில் உன்னுடைய அந்தச் சைகை. தண்ணீர் முழங்கை வரை ஏறி அங்கேயே நின்றது.

அந்தப் பெண் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். அவர் கை சொல்லச் சொல்ல என் வாய் சொன்னது. நீ பார்த்ததையெல்லாம் கேண்டீன் முழுவதும் கேட்டது. என் குரல் உடைந்தபோது அத்தானும் நிறுத்திக் காத்திருந்தார், நீ நிறுத்துவாயே, அதே மாதிரி.

லூர்து அங்கிள் வியந்துபோய்க் குவளையைக் கீழே வைத்தார். "அலமாக், நண்டு கைகாட்டிப் பொண்ணு கேக்குதா? எங்க இருக்கு? காட்டுங்க."

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். தர்ஷினியும் கேண்டீனில் இருந்தவர்கள் சிலரும் வந்தார்கள். வானம் மூடியிருந்தது, கனவில் பார்ப்பதைப் போல ஒரு சாம்பல் வெளிச்சம். கரை முழுவதும் கை ஆடியது. லூர்து அங்கிள் முட்டிவலியோடு குனிந்து, தானும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு மேகம் விலகியது. சேறு சுடத் தொடங்கியதும் வாசல்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின.

"அவ்ளோதானா?" என்று கேட்டார் லூர்து அங்கிள்.

"அவ்ளோதான் அங்கிள். முன்னெல்லாம் மத்தியானம் வரைக்கும் பொண்ணு பார்ப்பாங்க," என்றேன்.

அவர் திரும்பி, கண்டல் மரங்களுக்குப் பின்னால் கரையை மறித்து எழும்பியிருக்கிற புதுச் சுவரைப் பார்த்தார். "தண்ணி ஏறினா இதுங்க பின்னால போகக்கூட இடம் இல்லையே." கூட வந்த ஒருவர் மட்டும், "அதுக்காக நான் ஏர்கோனை நிறுத்தி வைக்கணுமா?" என்று கேட்டார். யாரும் அவரோடு சண்டை போடவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பார்த்தார்கள். அது நடந்தது.

மற்றவர்கள் போன பிறகு அத்தான் நகரவில்லை. என் தோளைத் தொட்டார். கையால் கேட்டார்: "ஒன்று மறந்துவிட்டது. நாளைக்கு என்பதை அவள் எப்படிச் சொல்வாள்?"

காண்பித்தேன். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடித் திறந்து, கையைச் சூரியனாக மேலே தூக்கினேன். அவர் ஒருமுறை செய்தார். சரியில்லை என்று அவரே மறுபடி செய்தார். வெயில் தலையில் ஏறும்வரை அங்கேயே நின்று, நாங்கள் ஒருவருக்கொருவர் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்கா, வாக்குத் தருகிறேன். உன் மொழியில் ஒரு சொல்லையும் இனி மறக்க விடமாட்டேன். ஞாயிறுதோறும் அத்தானோடு கையால்தான் பேசுவேன். வெயில் என்ன புதுசா என்று யார் கேட்டாலும் கூட்டிக்கொண்டுவந்து உன் சேற்றுக் கரையைக் காட்டுவேன். ஒருநாள் அங்கே ஆட்டுவதற்குக் கையே இல்லாமல் போனால், அதையும் மறைக்காமல் உன்னிடம் வந்து சொல்வேன்.

உனக்குப் பதிலாகக் கேட்டும், உனக்காகப் பேசியும் வளர்ந்த
உன் தங்கை,
ஸ்டெல்லா