டப்பாவின் மேல் எழுதிய பெயர்

கியூர்பிப்,
7 ஆகஸ்ட் 1922

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். மழை விடவில்லை, துவைத்த பாவாடை மூன்று நாளாக ஈரம். உன் நலத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

போன மாதம் நீ நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டர் உன் விரலைக் குத்தி, ரத்தத்தைத் தாளில் ஒற்றி, சிவப்பு நிறங்கள் அச்சடித்த அட்டையோடு ஒத்துப் பார்த்தாரே. ரத்தத்தின் சிவப்பு நூற்றுக்கு முப்பத்தைந்துதானாம். உன் முன்னால் சொல்லவில்லை. இப்படியே விட்டால் வருஷக் கடைசிக்குள் இதயம் ஓய்ந்துவிடும் என்றார். அந்த உடம்போடு நீ கரும்பு வெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாய்.

கொக்கிப்புழுதான் காரணம் என்று நினைத்தார். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் பாதத்தைத் துளைத்து ஏறி, குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும் புழு. அதை வெளியேற்ற எண்ணெய் அடைத்த குளிகை வந்திருக்கிறது. ஆனால் மலப் பரிசோதனைக்கு வந்த உங்கள் ஊர் டப்பாக்களைப் பார்த்தாகிவிட்டது. இங்கே பட்டியல் எழுதுவது நான்தானே. அத்தானுக்குப் புழு முட்டை ஏராளம். அவருடைய அம்மா, மாமிக்கும் உண்டு. வீட்டோடு உட்கார்ந்து தைக்கும் உன் நாத்தனார் அஞ்சலைக்கு இல்லை, அது சரி. உனக்கும் இல்லை. உன் பெயருக்கு நேரே "இல்லை" என்று என் கையாலேயே எழுதினேன். புழு இல்லாதவர்களுக்குக் குளிகை தரமாட்டார்கள். அதுவே கொஞ்சம் விஷம்.

புழு இல்லையென்றால் உன் ரத்தம் எங்கே போகிறது? மாமி தினமும் கஷாயம் தருகிறார்கள் என்றாயே, அதில் என்ன போடுகிறார்கள்?

உன் தங்கை,
பாக்கியம்

*

செமின் கிரனியே,
13 ஆகஸ்ட் 1922

அன்புத் தங்கை பாக்கியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு வரி நலம் விசாரிப்பாய் என்று பார்த்தால் போலீஸ்காரர் மாதிரிக் கேட்கிறாய்.

கஷாயத்தில் இஞ்சி, மிளகு, வேப்பங்கொழுந்து. நான்தான் இடிக்கிறேன். நேற்றும் மாமி, "காத்தடிச்சா கரும்புச் சோகையோட நீயும் பறந்துடுவே, இன்னும் ரெண்டு கவளம் தின்னேன்டி" என்று தட்டில் அள்ளி வைத்தார்கள். கிணற்றிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று தடவை உட்கார்கிறேன் என்பது உண்மை. வெட்டுக்காலம் முடிந்தால் சரியாகிவிடும்.

புழு இல்லை என்று டாக்டரின் பூதக்கண்ணாடி சொல்லிவிட்டது அல்லவா? டப்பாப் பேச்சை இத்தோடு விடு.

அக்கா,
கோவிந்தம்மா

*

கியூர்பிப்,
20 ஆகஸ்ட் 1922

அன்புள்ள அக்காவுக்கு,

விடமாட்டேன். டாக்டரிடம் மறுபடி பேசினேன். "யாரோ உன் அக்காவின் சாப்பாட்டில் மெல்ல எதையோ கலக்கிறார்கள்" என்றார்.

நீ வெகுளி. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அத்தானுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று மாமி கோயிலில் யாரிடமோ கேட்டதாக நீயேதான் சொன்னாய். இப்போது அன்பாக அள்ளி வைக்கிறார்கள் என்கிறாய்! எனக்கு அந்த அன்புதான் பயம்.

கஷாயத்தில் கொஞ்சம் சீசாவில் ஊற்றி, யாருக்கும் தெரியாமல் அனுப்பு. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பாக்கியம்

*

செமின் கிரனியே,
29 ஆகஸ்ட் 1922

பாக்கியம்,

அடுப்பில் போட எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நான் வயலில் இருந்தபோது உன் கடிதம் வந்தது. அஞ்சலை பிரித்து மாமிக்குப் படித்துக் காட்டிவிட்டாள். கடைசி வரி வரைக்கும்.

மாமி சத்தம் போடவில்லை. நான் வந்ததும் கரண்டியை என் முன்னால் வைத்தார்கள். "இனிமே நீயே ஆக்கிக்க. உன் தட்டை நான் தொடமாட்டேன்." அவ்வளவுதான். உன் அத்தான், "உன் தங்கச்சிக்கு எழுத்து கத்துக்குடுத்தவனைச் சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டார். இப்போது வெட்டு முடிந்து வந்து நானே உலை வைக்கிறேன். நேற்று அடுப்பின் முன்னாலேயே மயங்கி விழுந்தேன். அப்போதும் மாமிதான் தூக்கினார்கள். பேசாமல் தூக்கினார்கள்.

மாமி என்னை அடித்தது ஒரே ஒரு தடவை. அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்றேன் என்று கையில் ஒன்று வைத்தார்கள். "வீட்ல அரிசி இல்லையாடி, மண்ணைத் திங்கிற?" அதுவும் என் நன்மைக்குத்தான். அந்த மண் வாசனை வந்தால் என்னால் நிற்க முடிவதில்லை, பாக்கியம்.

கோவிந்தம்மா

*

கியூர்பிப்,
2 செப்டம்பர் 1922

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மண் தின்பதை டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொக்கிப்புழுக்காரர்களுக்கு வரும் ஆசையாம் அது. "அந்த டப்பாவை இன்னொரு தடவை கேள்" என்றார்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். உன் வரியும் அஞ்சலையின் வரியும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்கின்றன. இரண்டிலும் கொக்கிப்புழு இல்லை, இரண்டிலும் நாக்குப்பூச்சி முட்டை நாலைந்து. அக்கா, உன் பெயரில் வந்தது உன்னுடையது அல்ல. மாமி மாற்றிவிட்டார்கள். உன் நோய் வெளியே தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் அந்த வீட்டில் வேறு யார்?

புது டப்பா வாங்கு. கையை விட்டு இறக்காதே.

பாக்கியம்

*

செமின் கிரனியே,
10 செப்டம்பர் 1922

பாக்கியம்,

மாற்றியது நான்.

டப்பா சேகரிக்க வருகிறவன் எட்மோன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில் உட்கார்ந்து உன் அத்தானோடு சீட்டாடுகிறவன். ஒவ்வொரு டப்பாவையும் காதருகே ஆட்டி, பெயரை உரக்கப் படித்துத்தான் பையில் போடுவான். பக்கத்து வீட்டில், "அடேயப்பா, மதாம் இன்னிக்கு நல்ல கனம்!" என்றான். தெருவே சிரித்தது. என்னுடையதை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவனுக்கே நான் தேநீர் கொடுக்க வேண்டும். பெயர் என்னுடையதாக இருந்தாலும் உள்ளே இருப்பது என்னுடையது இல்லை என்றால் கூச்சம் குறையும் என்று, அஞ்சலையைக் கெஞ்சி இரண்டு டப்பாவையும் அவளுடையதாலேயே நிரப்பினேன். அவள் சிரித்துக்கொண்டே செய்தாள்.

நீ மாமியைப் பற்றி எழுத எழுத நான் வாயைத் திறக்கவில்லை. அது டப்பாவை மாற்றியதைவிடப் பெரிய தப்பு. முந்தாநாள் மாமியிடம் சொல்லிவிட்டேன். "வெட்கத்துக்காகச் செத்துப்போவியாடி?" என்றார்கள்.

மறுநாள் புது டப்பாவைத் துணிகூடப் போட்டு மூடாமல் கையில் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு வழியாகப் பட்டப்பகலில் எட்மோனிடம் நடந்து போனார்கள். "என் மருமவளோடது. பேரை நல்லாப் பாத்துக்க. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடு" என்றார்களாம். எட்மோன் சிரிக்கவில்லை.

ஆனால் புழு இருக்கிறது என்று வந்தாலும் எனக்குக் குளிகை கொடுக்க மாமி ஒப்பவில்லை. "உன் தங்கச்சி சின்னப் பொண்ணு, அவ சொன்னது போகட்டும். நான் கலக்கிறேன்னு பெரிய டாக்டரே சொல்லியிருக்காரே. அந்த மருந்தைத் தின்னு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் பிடிப்பாங்க? இந்த வீட்ல வேணாம்" என்கிறார்கள். உன் அத்தானும் அம்மா பக்கம். நான் என்ன சொல்ல? நீ எழுதியது அவர்கள் காதில் விழுந்தாகிவிட்டது.

கிணற்றுக்கு இப்போது போகவே முடிவதில்லை.

கோவிந்தம்மா

*

கியூர்பிப்,
14 செப்டம்பர் 1922

மரியாதைக்குரிய பொன்னம்மா மாமி அவர்களுக்கு,

கோவிந்தம்மாவின் தங்கை பாக்கியம் வணங்கி எழுதுவது.

சாப்பாட்டில் யாரோ கலக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. "அவள் என்ன சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார், அவ்வளவுதான். நான் சொன்னால் அக்கா நம்பமாட்டாள் என்று, என் நினைப்பை அவர் வாயில் வைத்து எழுதினேன். நேற்று அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் மிகவும் கோபித்துக்கொண்டார். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இதன் கீழே அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், உங்கள் மேல் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று.

நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்த டப்பாவில் முட்டைகள் எண்ண முடியாத அளவு. புழு உறுதி. இதயம் பலவீனமாக இருப்பதால் பாதியளவாக, பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை நர்ஸ் வருவார். வெறும் வயிற்றில் குளிகை, பிறகு பேதி உப்பு. தலை சுற்றும், காது இரையும், பயப்பட வேண்டாம். அன்று முழுவதும் அவளைப் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சாயங்காலம் அவளுக்குக் கஞ்சி கொடுக்கலாம். அதை நீங்கள் காய்ச்சிக் கொடுங்கள், மாமி. வேறு யார் கொடுத்தாலும் எனக்கு இங்கே நிம்மதி இருக்காது.

பாக்கியம்