கல்லைச் சுற்றிக் கொஞ்சம் மண்

முத்தாரே நகரம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள குந்தாய்,

நீ நலமென்றால் நாங்களும் நலம், அப்படியே இரு. திறப்பு விழாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நேற்று போனில் சொன்னாய், பரவாயில்லை என்றேன். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் வடிவமைத்த இந்த மருத்துவமனைத் தோட்டத்தில் ஓர் இடத்தை உன் கைக்காகவே வைத்திருக்கிறேன்.

உன் அம்மா கடைசியாகச் செதுக்கிய கல்லை அங்கேதான் நிறுத்தியிருக்கிறேன், முகம் மட்டும் நெருப்பில் சூடுகாட்டி மெழுகு தேய்த்துக் கறுப்பாக மின்னுமே, முதுகு மலையில் வெட்டியெடுத்தபடியே சொரசொரப்பாக, அதைத்தான். வாசலுக்கு நேரே மேடை கட்டி நீரூற்றின் நடுவில் வைக்கச் சொன்னார் தோட்டக் குழுத் தலைவர் முசேனா. மேடையில் ஏற்றினால் சிலை தனி, தோட்டம் தனி என்று நான் ஒப்பவில்லை. இப்போது முசாசா மரங்களுக்கிடையே பாதை வளைகிறது, இரு பக்கமும் கூரை வேயும் புல் இடுப்புயரம், முதலில் தெரிவது முதுகுதான், ஏதோ பாறை என்று நினைத்தபடி சுற்றி வந்தால் அக்கா செய்த முகம். உள்ளே யாரையோ படுக்கவைத்துவிட்டு வெளியே காத்திருப்பவர்களுக்கு அப்படி எதிர்பாராமல் ஒரு முகம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். கல்லைச் சுற்றி மட்டும் புல் இல்லை, நம் வீட்டு முற்றம் போல வெறும் மண், தினம் பெருக்கவேண்டியது, துடைப்பக் கோடுகளும் சிலையில் சேர்த்திதான் என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டேன். முசேனா விழுந்து விழுந்து சிரித்தார். "கோடு போடவாம்மா படிச்சவளக் கூப்பிட்டோம்? எம் பொண்டாட்டி தினம் காலையில சும்மாவே போடுறா. சிமெண்டைப் பூசி விடு" என்றார். கடைசியில், விழாவன்று பார்க்க நன்றாயிருந்தால் மண், இல்லையென்றால் சிமெண்ட் என்று முடிவாயிற்று.

பெருக்க வரும் க்வென்சி அம்மாவின் கோடுகள் அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருக்கும். அலையலையாக வேண்டும் என்றேன். "அது பெருக்குனது இல்ல மகளே, கோழி கிளறுனது. இந்த வீட்டுல பொம்பளப் புள்ளையே இல்லையான்னு கேப்பாங்க" என்கிறார். நீ பள்ளிக்குப் போகுமுன் அரைத்தூக்கத்தில் பெருக்குவாயே, கோடெல்லாம் நெளிந்து நெளிந்து ஓடும், உன் அம்மா உளியோடு வெளியே வந்து "யாருடி இவ, நம்ம முத்தத்துல ஆத்தத் தொறந்து விட்டது?" என்று சிரித்துவிட்டு, அதை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து போவாள். எனக்கு அந்தக் கோடுதான் வேண்டும், அது உன் ஒருத்திக்குத்தான் வரும். அம்மா இல்லாத ஊருக்கு எதற்கு வரணும் சின்னம்மா என்று ஒருமுறை கேட்டாய். அவள் போனபின் உன்னை வளர்த்தவள் நான்.

இரவு வேலை முடிந்து வெறும் ரொட்டியோடு படுத்துவிடாதே, அங்கே லீட்ஸில் நம் மக்காச்சோள மாவு கிடைக்கிறதாமே, ஒரு பிடி சட்ஸாக் களி கிண்டிக்கொள், கீரை சேர். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. நம் முன்னோர் உன் கூடவே நடக்கட்டும்.

உன் சின்னம்மா,
நியாராய்

பின்குறிப்பு: இதை அனுப்பாமலே வைத்திருந்தேன், விழாவும் முடிந்துவிட்டது. அன்று விடியலில் க்வென்சி அம்மாவிடம் துடைப்பத்தை வாங்கி நானே பெருக்கினேன். வளைக்கத்தான் பார்த்தேன், கோடுகள் நேராகவே வந்தன. முசேனாவுக்குப் பிடித்துப்போயிற்று. சிமெண்ட் பூசவில்லை. மண் அப்படியே இருக்கிறது.