லைஸ்பெத்தின் கையில் ஒரு கீறல்

ஹார்லெம், மார்ச் 4, 1787

எங்கள் பெண்கள் அறிவியல் சங்கத்தில் இன்று ஹெந்த்ரிகா பேசினாள். லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழைக் கையில் கீறி ஏற்றிவிட்டால், பெரியம்மை அண்டாதாம். "என் மகன் யூஸ்டுக்கே ஏத்தியாச்சு" என்றாள். உடனே நான் எழுந்து, "அடுத்து என் மகள் லைஸ்பெத்!" என்று கத்திவிட்டேன். போன கூட்டத்தில் கண்ணாடிக் கூண்டிலிருந்து காற்றை உறிஞ்சிக் காட்டியபோது, உள்ளே இருந்த எலி மயங்குவதற்கு முன்பே மயங்கி விழுந்தவள் நான். கூட்டத்தைக் கண்டால் மட்டும் வீரம் வந்துவிடுகிறது.

மார்ச் 10

வைத்தியர் ப்ரூவர் வந்து கீறினார். "யூஸ்ட் அழுதானாம்மா?" என்றாள் லைஸ்பெத். "சிரிச்சானாம்டி" என்றேன். ஹெந்த்ரிகா அப்படிச் சொல்லவில்லை. நானே சேர்த்த சரக்கு.

மார்ச் 18

லைஸ்பெத்துக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. "உங்க சங்கத்தைக் கூப்பிடுங்க, வந்து விசிறட்டும்" என்கிறாள் சமையல்காரி நெல். ஹெந்த்ரிகா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 19

"யூஸ்டுக்கும் இப்படித்தான் கொதிச்சுதா?" என்றேன்.

வைத்தியர் கை கழுவிக்கொண்டே, "எந்த யூஸ்ட்?"

"ஹெந்த்ரிகா பையன்!"

"அவனுக்குக் கீறவே இல்லையேம்மா. இந்த ஊர்ல கீறுறது நான் ஒருத்தன்தான்."

பாவி. அடிப் பாவி. என் குழந்தைய வெச்சா சோதிச்சுப் பார்த்தே —

மார்ச் 20

நான் ஏன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை?

மார்ச் 22

கொப்புளங்கள் கொஞ்சம்தான். காய்ச்சல் இறங்கிவிட்டது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கேட்டாள். நான் அழுத அழுகையில் ரொட்டி ஊறிவிட்டது.

மார்ச் 24

வைத்தியர் தலையைச் சொறிந்தார். "லைஸ்பெத்துக்கு ரொம்ப லேசா வந்திருக்கு. இதுல இருந்தே எடுத்து யூஸ்டுக்கு ஏத்தணும்னு ஹெந்த்ரிகா அம்மா கேக்கறாங்க."

சிரித்தேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "அவளையே வரச் சொல்லுங்க."

மார்ச் 25

வைத்தியரோடு வந்தாள்.

"வேற யாருக்காவது பலிக்குதான்னு பார்த்தேன், க்ரீத். பயம். ஆனா நான் சொன்ன விஷயம் உண்மைதானே?"

"விஷயம் உண்மை. நீதான் பொய்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். யூஸ்ட் அவள் பாவாடைக்குப் பின்னால் நின்றிருந்தான். அம்மை இவன் யார் மகன் என்று பார்த்தா வரும்? கட்டிலைக் காட்டினேன்.

"வலிக்குமா?" என்றான்.

"வலிக்கவே வலிக்காதுடா" என்றாள் ஹெந்த்ரிகா.

"வலிக்கும்," என்றாள் லைஸ்பெத். "காய்ச்சலும் வரும். அப்புறம் போயிடும்."

அவன் லைஸ்பெத்தைப் பார்த்தபடியே கையை நீட்டினான்.

ஏப்ரல் 15

யூஸ்ட் தேறிவிட்டான். சங்கத்தில் தன் பக்கத்து நாற்காலியில் சால்வையைப் போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தாள் ஹெந்த்ரிகா. நான் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.