சிவப்புச் சாயத்தில் ஒரு பெயர்

கோலா குராவ்
9 ஏப்ரல் 1996

அன்பு மகள் ஹுய் லானுக்கு,

குவான் யின் தாயார் துணை. பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்குமே, கம்பளிச் சட்டை பின்னி அனுப்பட்டுமா?

கல்லறை நாளுக்கு அப்பாவிடம் போய் வந்தேன். ஆ செங் வழக்கம்போல் கல்லெழுத்துகளுக்குச் சாயம் பூசினார். அப்பா பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் இருக்கும் என் பெயரைப் பார்த்து, "என்னக்கா, உங்களுக்கும் இப்பவே தங்கச் சாயம் தொட்டுரட்டா? ஒரே வேலையா முடிஞ்சிரும்" என்றார்.

"முதல்ல உன் பேரை எங்கயாவது செதுக்கி வை, அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

கீழே பிள்ளைகள் வரிசையில் உன் தம்பி தெக் பெங்கின் பெயருக்கு வந்ததும் அவர் தூரிகை நின்றுவிட்டது. "இதுக்கு?" என்றார்.

"போய்ச் சேர்ந்தவங்களுக்குத்தான் தங்கம். உயிரோட இருக்கிறவங்களுக்கு என்ன நிறம்? சிவப்பு. பூசு."

இன்னொரு சங்கதி. கண்ணை மூடுவதற்குள் காகிதங்களை ஒழுங்கு பண்ணி உயில் எழுதிவிடலாம் என்று வக்கீல் ஆபீசுக்குப் போனேன். எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் வருட வாரியாக அடுக்கிக் கொண்டுபோனேன். ஆனால் வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறதாம். என் பெயருக்கு மாற்றாமல் உயிலில் எழுத முடியாது. மாற்றுவதற்குப் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் குமாஸ்தாப் பெண். "மகன் எங்கம்மா?" என்று கேட்டாள். "கடலுக்குப் போயிருக்கான்" என்றேன். "எப்ப வருவாரு?" என்றாள். எட்டு வருடமாயிற்று என்று சொல்லாமல் டின்னை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று அவன் பிறந்தநாள். முட்டை பொரித்து மேசையில் வைத்தேன். மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையை ஒதுக்கிவிடுவானே!

அம்மா

பெர்த்
30 ஏப்ரல் 1996

அன்புள்ள அம்மா,

கம்பளி இருக்கிறது, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஏழு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாமாம். அவன் படகு போன அன்று அடித்த புயலையும், அதன்பின் ஒரு சேதியும் வரவில்லை என்பதையும் நீ சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

கோபப்படாதே. நீ கொடுக்காவிட்டால் உனக்குப் பிறகு அந்தச் சத்தியத்தை நான் செய்ய வேண்டியிருக்கும், தன்னந்தனியாக. எனக்கு அந்தத் தெம்பு இல்லை, அம்மா.

உன் லான்

கோலா குராவ்
14 மே 1996

ஹுய் லானுக்கு,

வந்த கடிதத்தையெல்லாம் தாயார் பாதத்தில் வைத்துத்தான் பிரிப்பேன். இதை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பெற்றவளே பிள்ளை செத்தான் என்று எழுதிக் கொடுப்பதா? விளக்கேற்றும் நேரத்தில் பின்பக்கத்துப் பலகைத்துறையில் அவன் செருப்புச் சத்தம் இன்னும் கேட்கிறது. கதவைத் திறந்தால் தண்ணீர்தான். ஆனால் பலகை ஈரமாக இருக்கிறது. இல்லாதவன் எப்படி நடப்பான், சொல்லு!

அம்மா

கோலா குராவ்
2 செப்டம்பர் 1996

என் கண்ணு லானுக்கு,

மூன்று மாதமாக எழுதாமல் இருந்துவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஏழாம் மாதப் படையல் நடக்கிறது. ஊர்த்துறையில் அநாதை ஆவிகளுக்கு ஆளாளுக்குத் தட்டு வைத்தோம். நான் சோறும் பொரித்த முட்டையும் வைத்தேன். பக்கத்து வீட்டு மெய் யோக் சொன்னாள்: "நம்ம வீட்டு ஆளுங்களுக்கு வீட்டுப் பீடத்துலயே கிடைச்சிருதுக்கா. கேக்க நாதியில்லாததுங்கதான் இங்க வந்து கையேந்தும், பாவம்."

தட்டை எடுக்கப் போனேன். முட்டையில் மஞ்சளைக் காணோம். வெள்ளை மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

"பூனை வேலைக்கா. தட்டைக் கொடுங்க" என்றாள்.

பூனையாகவே இருக்கட்டும். ஆனால் உயிரோடு இருக்கிறான் என்று நான் சாதித்ததால்தானே இத்தனை வருடமும் பீடத்தில் அவனுக்கு ஒரு கவளம் இல்லை! சொந்த வீட்டுப் பின்வாசல்வரை வந்து, நான் கதவைத் திறந்தும் உள்ளே வர உரிமையில்லாமல், என் பிள்ளை ஊரார் தட்டைத் தேடிப் போயிருக்கிறான்.

நாளைக்கு வக்கீல் ஆபீசுக்குப் போகிறேன்.

அம்மா

பெர்த்
11 செப்டம்பர் 1996

அம்மா,

கொஞ்சம் பொறு. எனக்கு இப்போது மனம் வரவில்லை. அடுத்த கல்லறை நாளும் போகட்டுமே.

லான்

கோலா குராவ்
12 ஜனவரி 1997

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் கையெழுத்துப் போட்டாயிற்று. உத்தரவும் வந்துவிட்டது. வீடு என் பெயரில், எனக்குப் பின் உனக்கு என்று உயில் எழுதி முடிந்தது. எல்லாம் பிஸ்கட் டின்னில், தாயார் பீடத்தின் கீழ் இருக்கின்றன.

தெக் பெங்கின் பெயருக்குத் தங்கச் சாயம் பூசும்போது ஆ செங் கேலி எதுவும் பேசவில்லை. கூலியும் வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுப் பீடத்தில் அவனுக்கு முதல் படையலாக முட்டை வைத்தேன். ஊதுபத்தி அணைந்த பிறகு பார்த்தேன். மஞ்சளும் வெள்ளையும் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து பலகையில் செருப்புச் சத்தம் இல்லை. விளக்கேற்றிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் சீனப் புத்தாண்டுக்கு நீ வருவது சந்தோஷம். படகுக்காரர் பின்துறையில் இறக்கிவிடுகிறேன் என்பார், ஒத்துக்கொள்ளாதே. சுற்றி நடந்தாலும் முன்வாசல் வழியாகவே வா, கண்ணு. பலகையில் காலடி கேட்டால், நான் வேறு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன்.

உன் அம்மா